வால்யூம் 9 மணியைத் தாண்டவே முடியவில்லை: பவர் ஆம்ப் சென்சிட்டிவிட்டியும் ப்ரீஆம்ப் கணக்கும்

கேள்வி சுருக்கமாக இது: 100 வாட் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் பெட்டி), இன்புட் சென்சிட்டிவிட்டி 1 வோல்ட். அதற்கு முன்னால் வால்யூம் குமிழ் உள்ள டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப், கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 20 டெசிபல். வோல்ட் கணக்கில் 6 டெசிபல் என்றால் இரு மடங்கு, 20 என்றால் 10 மடங்கு. டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் டிஏசி 2 வோல்ட் தருகிறது. வால்யூம் குமிழ் கடிகார முள் மாதிரி 9 மணி நிலையைத் தாண்டினாலே சத்தம் தாங்க முடியவில்லை. அதற்குக் கீழே இறக்கினால் இடமும் வலமும் சமமாக ஒலிப்பதில்லை. பாட்டு நின்றதும் ட்வீட்டரில் (உச்ச ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) 'உஸ்' என்று ஓர் இரைச்சல். 2 வோல்ட் சென்சிட்டிவிட்டி உள்ள ஆம்புக்கு மாறலாமா, ப்ரீஆம்பையே தூக்கிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். உங்கள் கருவிகள் எதிலும் பழுதில்லை. மூன்றும் சேர்ந்து தேவைக்கு மேல் கெய்ன் தருகின்றன, அவ்வளவுதான். அந்த மிச்சத்தை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி. கழிக்கிற இடம் தப்பாகப் போனால் ஒரு தொல்லை போய் இன்னொன்று அப்படியே நிற்கும்.

முதலில் சென்சிட்டிவிட்டி என்ற சொல். ஆம்ப் தன் முழு வாட்டையும் ஸ்பீக்கருக்குக் கொடுக்க, உள்ளே எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதுதான் அது. எண் சிறிதாக இருந்தால் ஆம்ப் சென்சிட்டிவ், பெரிதாக இருந்தால் மந்தம். இது தலைகீழாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். '2 வோல்ட் ஆம்ப், 1 வோல்ட் ஆம்பைவிட பலமானது' என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையில் சென்சிட்டிவிட்டி என்பது கெய்னை வேறு மாதிரி சொல்வதுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் 28.3 வோல்ட் (100ஐ 8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்). உங்கள் ஆம்ப் 1 வோல்ட்டை வாங்கி 28.3 ஆக்குகிறது. ஆக 28 மடங்கு, டெசிபலில் 29. வீட்டு உபயோகத்துக்கான டிஎச்எக்ஸ் (சினிமா ஒலித் தரச் சான்று) ஆம்புகள் பின்பற்றும் அளவும் இதே 29 டெசிபல்தான். உங்கள் ஆம்ப் இந்த வகையில் மிகச் சாதாரணமான ஆம்ப்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 50 வாட் ஆம்ப் ஒன்று, 200 வாட் ஆம்ப் ஒன்று, இரண்டுக்கும் சென்சிட்டிவிட்டி 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 20 வோல்ட் வரை போக வேண்டும், கெய்ன் 20 மடங்கு, அதாவது 26 டெசிபல். இரண்டாவது 40 வோல்ட் வரை போக வேண்டும், 40 மடங்கு, 32 டெசிபல். சென்சிட்டிவிட்டி ஒன்றுதான், கெய்னில் 6 டெசிபல் வித்தியாசம். ஒருமுறை இப்படி இரண்டு ஆம்புகளை எடுத்து, சிறியதை ட்வீட்டருக்கும் பெரியதை வூஃபருக்கும் (பேஸ் ஸ்பீக்கர்) போட்டேன். 'சென்சிட்டிவிட்டி ஒன்றுதானே, பொருந்திவிடும்' என்று நம்பி. பேஸ் வீங்கிப்போய் வந்தது. அறையைக் குறை சொல்லி, சோபாவை இரண்டு நாள் இங்கும் அங்கும் இழுத்ததுதான் மிச்சம். ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் போடுபவர்கள் கெய்னைத்தான் ஒப்பிட வேண்டும், சென்சிட்டிவிட்டியை அல்ல.

சரி, உங்கள் சங்கிலிக்கு வருவோம். டிஏசி உச்சத்தில் 2 வோல்ட். ப்ரீஆம்ப் 20 டெசிபல், அதாவது 10 மடங்கு. வால்யூமை முழுக்கத் திறந்தால் கணக்குப்படி 20 வோல்ட் வெளியே வர வேண்டும். ஆம்புக்கு வேண்டியதோ 1 வோல்ட். 26 டெசிபல் அதிகம்! பெரும்பாலான ப்ரீஆம்புகள் 20 வோல்ட்டை எட்டுவதற்கு முன்பே க்ளிப் ஆகிவிடும் (அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும்) என்பது வேறு கதை. அந்த இடத்துக்கு நீங்கள் போகவே போவதில்லை.

இன்னும் நிஜத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். சாதாரண ஸ்பீக்கர்களில் வீட்டில் நாம் கேட்கும் சராசரி அளவுக்கு 1 வாட் கூடத் தேவைப்படாது. 1 வாட் என்றால் 8 ஓமில் 2.83 வோல்ட். ஆம்பின் 28 மடங்கைக் கழித்தால் அதன் உள்ளீட்டில் 0.1 வோல்ட். இப்போது டிஏசி பக்கம்: அதன் 2 வோல்ட் என்பது உச்சம். பாட்டின் சராசரி அதற்கு 15 டெசிபல் கீழே ஓடுவதாக வைத்தால் சுமார் 0.36 வோல்ட். ப்ரீஆம்ப் அதை 3.6 வோல்ட் ஆக்கப் பார்க்கிறது. வேண்டியது 0.1. ஆக வால்யூம் குமிழ் சுமார் 31 டெசிபலை விழுங்கியாக வேண்டும். வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டரைப் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்பார்கள். வழக்கமான லாக் வகைப் பாட் நடுவில், அதாவது 12 மணி நிலையில், ஏறக்குறைய 20 டெசிபல்தான் குறைக்கும். 31 வேண்டுமென்றால் குமிழ் 9 மணி பக்கம்தான் நிற்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான். அப்புறம், அந்த அடிப்பகுதியில்தான் பொட்டென்ஷியோமீட்டருக்குள் இருக்கும் இட, வலத் தடங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இடம் வலம் ஆட்டத்துக்குக் காரணம் அதுவே.

இங்கேயே இன்னொரு நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். '9 மணிக்கே இந்தச் சத்தம் என்றால் ஆம்பில் எவ்வளவு பவர் மிச்சம் இருக்கும்!' என்று பெருமைப்படுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. குமிழ் எங்கே நிற்கிறது என்பது கெய்னைச் சொல்கிறது, பவரைச் சொல்வதில்லை. உங்கள் சங்கிலியில் முழு 100 வாட்டும், சத்தமாகப் பதிவான பாட்டு என்றால், குமிழ் 11 மணியைத் தொடுவதற்குள்ளேயே தீர்ந்துபோகலாம். அதன் பிறகு வருவது க்ளிப்பிங்தான். பெரிய மேடை ஆம்புகளின் முன்பக்கக் குமிழ்களும் இப்படித்தான். அவை உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கின்றன. ஆம்பின் வாட்டைக் குறைப்பதில்லை.

இந்த அதிகக் கெய்ன் எப்படி வந்தது? பழைய ட்யூனர்களும் டேப் டெக்குகளும் சில நூறு மில்லிவோல்ட்தான் கொடுத்தன. அவற்றை 1 வோல்ட் ஆம்போடு சேர்க்க ப்ரீஆம்பில் கெய்ன் வேண்டியிருந்தது. 1982இல் சிடி பிளேயர் வந்தது. 2 வோல்ட் என்பது அதோடு வழக்கமாகிவிட்டது, டிஏசிகளும் அதையே பிடித்துக்கொண்டன. ப்ரீஆம்ப் செய்பவர்கள் பலர் பழைய கெய்னைக் குறைக்கவே இல்லை. கடையில் சட்டென்று சத்தமாகப் பாடும் பெட்டிதான் விற்கும் என்ற நினைப்பும் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆம்புகளிலும் இப்படிப்பட்டவை உண்டு. குவாட் 405க்கு 100 வாட் கொடுக்க அரை வோல்ட் போதும். அதன் முன் உங்கள் டிஏசியையும் ப்ரீஆம்பையும் வைத்தால் 9 மணி கூட வராது. எதிர்முனையில் நெல்சன் பாஸ் வடிவமைத்த ஃபர்ஸ்ட் வாட் எஃப்4 இருக்கிறது. அதற்கு வோல்டேஜ் கெய்னே கிடையாது. 25 வாட் வேண்டுமென்றால் ப்ரீஆம்ப்தான் 14 வோல்ட் கொடுக்க வேண்டும். அந்த ஆம்போடு உங்கள் ப்ரீஆம்ப் அழகாகப் பொருந்தியிருக்கும்!

எவ்வளவு மிச்சம் இருந்தால் சரி? நான் 6 முதல் 12 டெசிபல் வரை வைப்பேன். அதாவது வால்யூமை முழுக்கத் திறந்தால் ஆம்புக்கு வேண்டியதைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு வோல்ட் வர வேண்டும். சில பழைய பதிவுகளும் சாஸ்திரிய இசைப் பதிவுகளும் மெதுவாக இருக்கும், அவற்றுக்கு அந்த மிச்சம் உதவும். உங்களிடம் இருப்பது 26. ஆக 12 முதல் 14 வரை கழித்தால் அந்த வரம்பின் மேல் ஓரத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும், நிம்மதி.

எங்கே கழிப்பது என்பதை இரைச்சலே சொல்லிவிடும். மூன்று சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடாதபோது வால்யூமை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால் அது டிஏசியிலிருந்தோ ப்ரீஆம்பின் முன்பகுதியிலிருந்தோ வருகிறது. வால்யூம் முழுக்க அடைத்தும் அப்படியே இருந்தால், வால்யூமுக்குப் பின்னால் உள்ள ப்ரீஆம்ப் பகுதியோ பவர் ஆம்போ. அடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ப்ரீஆம்ப் கேபிளைக் கழற்றி, ஆம்பின் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையைக் கிரவுண்டோடு இணைத்து உள்ளீட்டை வெறுமையாக்கும் பிளக்) போட்டு, ஆம்பை மட்டும் மறுபடி போடுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி ப்ரீஆம்ப். போகவில்லை என்றால் ஆம்ப். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் ப்ரீஆம்பின் மீதுதான் என் பந்தயம்.

ஏன் என்றால் கணக்கு இப்படி. வால்யூமுக்குப் பின்னால் உள்ள பகுதி 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் தருவதாக வைப்போம், இது மோசமான எண் ஒன்றும் அல்ல. ஆம்ப் அதை 28 மடங்காக்கி, ஸ்பீக்கரில் ஏறக்குறைய 0.56 மில்லிவோல்ட். 88 டெசிபல் ஸ்பீக்கரில் (1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் சத்தம் தருவது) அது ஒரு மீட்டரில் 14 டெசிபல் அளவுக்கே வரும், யாருக்கும் கேட்காது. அதுவே 104 டெசிபல் ஹார்ன் (கூம்பு வடிவ) ஸ்பீக்கர் என்றால் 30 டெசிபல். அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் என்று நீங்கள் எழுதவில்லை. உட்காரும் இடத்திலிருந்தே இரைச்சல் கேட்கிறது என்றால் ஸ்பீக்கர் நல்ல சென்சிட்டிவாக இருக்கும், அல்லது ப்ரீஆம்ப் நான் வைத்ததைவிடச் சத்தமான ரகமாக இருக்கும்.

இங்கேதான் இடம் முக்கியமாகிறது. அட்டெனுவேட்டரை, அதாவது சிக்னலைக் குறைக்கும் சின்ன ரெசிஸ்டர் இணைப்பை, டிஏசிக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் வைத்தால் பாட்டு குறையும், குமிழ் மேலே ஏறும், ஆனால் ப்ரீஆம்பின் இரைச்சல் தொடப்படாமல் அப்படியே ஆம்புக்குப் போகும். ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் வைத்தால் பாட்டும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். நீங்கள் குமிழை ஏற்றிப் பாட்டை மட்டும் திரும்பப் பெறுவீர்கள். எனவே உங்களுக்கு இரண்டாவது இடம்தான்.

முதல் இடம் சரியாக இருக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சில பழைய ப்ரீஆம்புகளில் வால்யூமுக்கு முன்பே ஒரு பெருக்கும் நிலை இருக்கும். நூறு இருநூறு மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதில் 2 வோல்ட்டைக் கொட்டினால் குமிழை எவ்வளவு இறக்கினாலும் ஒலி கரகரக்கும், ஏனென்றால் சேதம் குமிழுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அங்கே அட்டெனுவேட்டர் ப்ரீஆம்புக்கு முன்னால் வர வேண்டும். மெதுவாக வைத்தாலும் கரகரப்பு, ட்யூனரில் மட்டும் சுத்தம் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

செய்முறை எளிது. ஆயத்தமாக 10 அல்லது 12 டெசிபல் என்று ஆர்சிஏ (சாதாரண ஆடியோ கேபிளில் உள்ள வட்டமான) பிளக் வடிவில் கிடைக்கும். கையில் சால்டரிங் இருந்தால் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு ரெசிஸ்டர் போதும். சிக்னல் வழியில் தொடராக 3 கிலோ ஓம், அதன் பிறகு ஆம்பின் உள்ளீட்டுக்குக் குறுக்கே கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். நான்கில் ஒரு பங்கு, 12 டெசிபல். ஆம்பின் உள்ளீடு 47 கிலோ ஓம் என்றால் 12.2 ஆகும், கவலையில்லை. மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம் எடுங்கள், இரண்டு சேனலும் ஒன்றாக இருக்கும்.

உங்கள் டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) நூறு இருநூறு ஓம் என்றால் இந்த 4 கிலோ ஓம் சுமை அதற்குப் பொருட்டே இல்லை. அவுட்புட்டில் உள்ள கெப்பாசிட்டரை மட்டும் ஒருமுறை பாருங்கள். 10 மைக்ரோஃபாரட் இருந்தால் 4 ஹெர்ட்ஸில்தான் சரியத் தொடங்கும். 1 மைக்ரோஃபாரட் என்றால் 40 ஹெர்ட்ஸ், பேஸ் போய்விடும். வால்வு ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை எடுக்கவே கூடாது. அவர்களுக்கு 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும். 47 கிலோ ஓம் ஆம்போடு அது 13 டெசிபல் ஆகும். ஆனால் அப்போது அட்டெனுவேட்டரின் வெளிப்பக்க இம்பிடன்ஸ் 7.5 கிலோ ஓம் ஆகிவிடுவதால், கேபிளின் ஆம்ப் முனையிலேயே வைக்க வேண்டும், ப்ரீஆம்ப் முனையில் அல்ல.

இம்பிடன்ஸ் பேச்சு வந்துவிட்டது. வோல்ட் பொருந்தினாலும் இது பொருந்தாமல் போவதுண்டு. பொதுவாக ஆம்பின் உள்ளீடு, ப்ரீஆம்பின் வெளியீட்டைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். டிரான்சிஸ்டர் உலகில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சிக்கல் வருவது வால்வு ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட ஆம்போடு இணைக்கும்போது. வெளியே 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். அதே ப்ரீஆம்ப் 47 கிலோ ஓம் ஆம்பில் 7 ஹெர்ட்ஸ் வரை போகும். 'இந்த ஆம்பில் பேஸ் மெலிந்திருக்கிறது' என்ற விமர்சனங்களில் சில இந்தக் கெப்பாசிட்டரைப் பற்றியவை என்பது என் எண்ணம்.

ப்ரீஆம்பைத் தூக்கிவிட்டு வெறும் பாட் ஒன்றை வைப்பது, அதாவது பாஸிவ் ப்ரீஆம்ப், உங்கள் எண்களுக்குத் தாராளமாக ஒத்துவரும். டிஏசி 2 வோல்ட், ஆம்புக்கு 1 வோல்ட், 6 டெசிபல் மிச்சம். 10 கிலோ ஓம் பாட் எடுத்தால் மோசமான நிலையில் வெளியீட்டு இம்பிடன்ஸ் 2.5 கிலோ ஓம், ஒன்றிரண்டு மீட்டர் கேபிளுக்குப் பிரச்சினை இல்லை. 50 கிலோ ஓம் பாட் எடுத்து நீளமான கேபிள் போட்டால் கதை வேறு. 12.5 கிலோ ஓமுக்குப் பின்னால் 1000 பிகோஃபாரட் சேர்ந்தால் 13 கிலோ ஹெர்ட்ஸுக்கு முன்பே உச்ச ஸ்தாயி மங்கிவிடும். ஆனால் உங்களுக்கு ஃபோனோ (இசைத்தட்டு இயக்கி) இருந்தால், அதற்குத் தனிப் பெட்டி தேட வேண்டிவரும். டிஏசியிலேயே வால்யூம் இருந்தால் நேராக ஆம்புக்குப் போவதும் உண்டு, 24 பிட்டில் தரம் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். என் பயம் வேறு. ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வால்யூம் தானாக முழுசுக்குப் போனால், முழு 2 வோல்ட்டும் 1 வோல்ட் ஆம்பில் விழும். அப்படிச் செய்பவர்களும் நடுவில் ஓர் அட்டெனுவேட்டர் வைப்பது ட்வீட்டருக்கு நல்லது.

இனி 2 வோல்ட் ஆம்ப் வாங்கும் யோசனை. அதனால் கிடைப்பது 6 டெசிபல்தான். அதற்கு ஒரு ஆம்பின் விலையா! எப்படியும் ஆம்ப் மாற்றும் எண்ணம் இருந்தால் கெய்ன் ஸ்விட்ச் உள்ளதாகப் பாருங்கள். பெஞ்ச்மார்க் ஏஎச்பி2வில் 2, 4, 9.8 வோல்ட் என மூன்று நிலை உண்டு. பல மேடை ஆம்புகளிலும் 26, 32 டெசிபல் ஸ்விட்ச் இருக்கும்.

பேலன்ஸ்டு இணைப்பு (மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள்) பற்றி ஒரு வார்த்தை. டிஏசியின் எக்ஸ்எல்ஆர் பெரும்பாலும் 4 வோல்ட், ஆர்சிஏவின் இரு மடங்கு. ஆம்ப் இரண்டு உள்ளீட்டுக்கும் ஒரே சென்சிட்டிவிட்டி வைத்திருந்தால், கேபிளை மாற்றியதுமே 6 டெசிபல் சத்தம் கூடும். 'எக்ஸ்எல்ஆர் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது' என்று அப்போது தோன்றும். சத்தமானது எப்போதும் நன்றாகவே தோன்றும், அளவைச் சமப்படுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

12 டெசிபல் கழித்தால் ஃபோனோவுக்குப் போதுமா என்று நீங்கள் யோசிக்கலாம். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டைத் தொடும் ஊசியைத் தாங்கும் பகுதி) 5 மில்லிவோல்ட் அளவில் தரும், ஃபோனோ நிலையின் 40 டெசிபலோடு அது அரை வோல்ட். டிஏசியின் 2 வோல்ட்டைவிட 12 டெசிபல் கீழே என்று பயப்பட வேண்டாம். அந்த 2 வோல்ட் உச்சவரம்பு. கார்ட்ரிட்ஜின் 5 மில்லிவோல்ட்டோ ஒரு சோதனை அளவு மட்டுமே, இசைத்தட்டின் உச்சங்கள் அதைத் தாண்டிப் போகும். ஆகவே கேட்கும்போது வித்தியாசம் 12 இருக்காது. அரை வோல்ட்டை வைத்தே பார்த்தாலும், ப்ரீஆம்பின் 10 மடங்கில் 5 வோல்ட், அட்டெனுவேட்டர் நான்கில் ஒன்றாக்கி 1.25 வோல்ட். ஆம்புக்கு 1 போதும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த நான்கு ரெசிஸ்டரையும் போடுங்கள். இணைக்கும்போது ஆம்ப் அணைந்திருக்கட்டும். வழக்கமாகக் கேட்கும் அளவு 12 மணி பக்கம் வர வேண்டும், இரைச்சல் ஸ்பீக்கரில் காது வைத்தால்தான் கேட்க வேண்டும். குமிழ் ஏறியும் இரைச்சல் அப்படியே இருந்தால் நான் பந்தயத்தில் தோற்றேன் என்று அர்த்தம். அப்போது ஷார்ட்டிங் பிளக் சோதனையின் முடிவையும் ஸ்பீக்கரின் டெசிபலையும் எழுதுங்கள், ஆம்பைப் பார்ப்போம்.